முதல் ரிமோட் ரோபோ: எந்த வரிசையில் கட்டினால் ஓடும்

போன கோடை விடுமுறையில், மதுரையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஏழு பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு ரோபோ வண்டி கட்டினார்கள். என் அக்கா மகனும் அவன் கூட்டாளிகளும். ஏழு பேரிடமும் அதே சாமான், அதே வயரிங் படம். சாயங்காலத்துக்குள் ஓடியது இரண்டு வண்டிதான். மற்ற ஐந்து பேரும் எல்லாவற்றையும் திருகி, எல்லா வயரையும் சொருகி, கடைசியாகச் சுவிட்சைப் போட்டவர்கள். "மாமா, ஓடலை" என்று தூக்கிக்கொண்டு வந்தால் எங்கே தேடுவது? பேட்டரியா, மோட்டாரா, வயரா, புரோகிராமா, போனா? ஓடிய இரண்டு வண்டிகளும், ஒவ்வொரு பாகத்தையும் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போன பிள்ளைகளுடையவை.

கீழே இருப்பது அந்த வரிசைதான். ஒரு படி வேலை செய்யாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். நிதானமாகச் செய்தால் இரண்டு சாயங்காலம் பிடிக்கும்.

1. கட்டப்போவது என்ன

பின்னால் இரண்டு சக்கரம், இரண்டுக்கும் தனித்தனி மோட்டார். முன்னால் எந்தப் பக்கமும் உருளும் ஒரு சின்னக் காஸ்டர் சக்கரம். திருப்புவதற்குத் தனி ஏற்பாடு எதுவும் கிடையாது. ஒரு சக்கரம் நின்று மற்றது ஓடினால் வண்டி தானாகத் திரும்பும். ஸ்டியரிங் வைத்த கார் மாதிரிதான் வேண்டும் என்று சில பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள். அது இரண்டாவது வண்டிக்கு இருக்கட்டும்.

ரிமோட்டாக ஆண்ட்ராய்டு போனைப் பயன்படுத்துகிறோம். தனி ரேடியோ ரிமோட் என்றால் அதற்குள் இன்னொரு போர்டு, இன்னொரு பேட்டரி, இன்னொரு புரோகிராம். கோளாறு தேடும் இடம் இரட்டிப்பாகும். ஒரே ஒரு எச்சரிக்கை: நாம் வாங்கும் ஹெச்சி-05 புளூடூத் மாட்யூல் ஐபோனோடு பேசாது. வீட்டில் ஐபோன் மட்டும்தான் என்றால் பழைய ஆண்ட்ராய்டு ஒன்றை யாரிடமாவது கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

2. கடைக்குப் போகும் முன்

மதுரை டவுன்ஹால் ரோட்டிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் உண்டு. திருமங்கலம், உசிலம்பட்டி பக்கம் இருப்பவர்கள் ஆன்லைனில் வாங்குவதுதான் பஸ் காசுக்கு மிச்சம். எங்கே வாங்கினாலும் பட்டியலோடு போங்கள். "ரோபோ செய்யணும்ணே, என்ன வேணும்?" என்று கேட்டால் கடையில் கைக்கு அகப்படுவதைத்தான் கொடுப்பார்கள்.

வேண்டியவை: நாம் எழுதும் புரோகிராமை ஏற்றி ஓட்டும் ஆர்டுயினோ ஊனோ போர்டு ஒன்று, அதன் யுஎஸ்பி வயர். அந்தப் போர்டு சொல்கிறபடி பேட்டரி கரண்டை மோட்டாருக்கு விடும் எல்298என் மோட்டார் டிரைவர் ஒன்று. மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கியர் வைத்த பிஓ மோட்டார் இரண்டு, அதற்கான சக்கரங்கள். காஸ்டர் சக்கரம், அடித்தட்டு, திருகுகள். ஹெச்சி-05. 18650 லித்தியம் செல் இரண்டு, அவற்றைத் தொடராக இணைக்கும் ஹோல்டர், அதற்கென்று உள்ள சார்ஜர். ஒரு ஆன்-ஆஃப் சுவிட்ச். போர்டுகளை இணைக்கும் ஜம்பர் வயர் இரண்டு வகையிலும்: இரண்டு நுனியும் ஊசியாக இருப்பது, ஒரு நுனி ஊசியும் மறுநுனி துளையுமாக இருப்பது. 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று. 16 வோல்ட் 1000 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்று, 104 என்று அச்சிட்ட சின்னக் கண்டன்சர் இரண்டு.

கருவியில் 25 வாட் சால்டரிங் அயர்ன், ஈயம், வயர் உரிக்கும் கட்டர், ஸ்க்ரூ டிரைவர், வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர். இதில் பலரும் மல்டிமீட்டரைத்தான் வெட்டுவார்கள். வெட்டாதீர்கள். சாதாரணமானதே போதும், ஆனால் அது இல்லாமல் செய்யும் வேலை கண்ணைக் கட்டிக்கொண்டு செய்வது மாதிரி.

மோட்டார் வாங்கும்போது ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று கேளுங்கள். 100, 150, 200, 300 என்று வரும். 300 வேகமாக ஓடும் என்று பிள்ளைகள் அதையே எடுப்பார்கள். முதல் வண்டிக்கு 150 போதும். ஆர்பிஎம் குறைந்தால் இழுவை கூடும், வண்டியும் கைக்கு அடங்கும். இரண்டு மோட்டாரும் ஒரே ஆர்பிஎம்தானா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

பேட்டரியில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குவது. மல்டிமீட்டருக்குள் போடும் சதுரமான 9 வோல்ட் பேட்டரியை மட்டும் வாங்கவே வேண்டாம். 9 என்பது பெரிய எண்ணாகத் தெரியும், ஆனால் மோட்டார் கேட்கும் ஆம்பியரை அதனால் தள்ள முடியாது. மோட்டார் சுற்ற ஆரம்பித்த உடனே வோல்டேஜ் சரிந்து போர்டு அணைந்துவிடும். 18650 செல் ஒன்று 3.7 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2. இரண்டைத் தொடராகப் போட்டால் 7.4 வோல்ட். எல்298என் தன் பங்குக்கு ஏறக்குறைய 2 வோல்ட்டை விழுங்கிவிடும். மிச்சம் 5 வோல்ட்டுக்கு மேல் மோட்டாருக்குக் கிடைக்கும். பிஓ மோட்டாருக்கு அதுதான் சரியான தீனி.

செல்லின் மேல் 9900 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தால் நம்பாதீர்கள். இந்த அளவுச் செல்லில் உண்மையாகக் கிடைப்பது பெரும்பாலும் 2000-லிருந்து 3500 வரைதான்.

3. முதலில் பேட்டரியும் சுவிட்சும்

ஹோல்டரின் சிவப்பு வயரை வெட்டி நடுவில் சுவிட்சை ஈயம் வைத்து இணையுங்கள். செல்கள் வெளியே இருக்கும்போதுதான் ஈயம். லித்தியம் செல்லின் இரண்டு முனையும் தற்செயலாகத் தொட்டுக்கொண்டால் வயர் உருகும் அளவுக்குச் சூடு வரும், தீயும் பிடிக்கலாம். பிளஸ் வயரும் மைனஸ் வயரும் உரித்த நுனியோடு ஒரே நேரத்தில் மேசையில் கிடக்கக் கூடாது. ஒன்றை டேப் சுற்றி வைத்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

இப்போது செல்களைப் போட்டு, சுவிட்சை ஆன் செய்து, மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். 7-லிருந்து 8.4 வரை காட்டினால் சரி. 4-க்குப் பக்கத்தில் காட்டினால் நீங்கள் வாங்கியது பக்கவாட்டு இணைப்பு ஹோல்டர். பூஜ்ஜியம் என்றால் ஒரு செல்லைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள். கழித்தல் குறி வந்தால் உங்கள் கையில் இருக்கும் சிவப்பு உண்மையில் மைனஸ். கடைசியில் சொன்னது நடக்காது என்று நினைக்காதீர்கள். ஒரு ஹோல்டரில் நிறம் மாறியே வந்திருந்தது.

4. மோட்டாருக்கு வயர் வைத்தல்

பிஓ மோட்டாரின் பக்கத்தில் இரண்டு மெல்லிய செம்புக் காதுகள் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று தடவை வளைந்தால் ஒடிந்துவிடும், ஒடிந்த மோட்டார் குப்பைக்குத்தான். அதனால் வயரைக் காதில் கோத்து ஈயம் வைத்ததும், அதே வயரை மோட்டாரின் உடம்போடு ஒரு கேபிள் டை போட்டு இறுக்குங்கள். பிறகு யார் வயரைப் பிடித்து இழுத்தாலும் இழுப்பு டையில் நிற்கும், காதுக்குப் போகாது.

ஈயம் வைக்கும்போது அயர்னை மூன்று வினாடிக்கு மேல் காதில் அழுத்தி வைக்காதீர்கள். உள்ளே இருப்பது பிளாஸ்டிக், இளகிவிடும். முதலில் வயர் நுனியில் ஈயம் ஏற்றி, காதிலும் ஒரு பொட்டு ஏற்றி, இரண்டையும் சேர்த்து ஒரு தொடு. அவ்வளவுதான். பளபளவென்று வழிந்து பிடித்திருந்தால் நல்ல பற்று. மங்கலாக உருண்டை கட்டியிருந்தால் மறுபடி சூடு காட்டுங்கள். இரண்டு காதுக்கும் குறுக்கே 104 கண்டன்சரையும் இதே கையோடு வைத்துவிடலாம். மோட்டாருக்குள் பிரஷ் உரசும்போது கிளம்பும் மின் இரைச்சலை அது அடக்கும்.

அப்புறம் சுவர்க் கடிகாரத்தில் போடும் பென்சில் செல் இரண்டைத் தொடராக வைத்து மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். மெதுவாகச் சுற்றும். கடகடவென்று சத்தம் வந்தால் கியர் பல் உடைந்தது, கடைக்காரர் முகம் மறக்கும் முன் மாற்றிவிடுங்கள்.

5. டிரைவரை ஆர்டுயினோ இல்லாமலே ஓட்டுதல்

இந்தப் படியை எல்லாரும் தாண்டிவிடுகிறார்கள். ஆனால் புரோகிராம் எழுதும்போது, வயரிங் சரியாகத்தான் இருக்கிறது என்ற தைரியத்தைக் கொடுப்பது இதுதான்.

எல்298என்னில் மூன்று திருகு கனெக்டர்கள் சேர்ந்தாற்போல் இருக்கும்: 12 வோல்ட், கிரவுண்ட் (மைனஸ் முனை), 5 வோல்ட். பேட்டரியின் பிளஸ் 12 வோல்ட் என்று எழுதிய இடத்துக்கு. 7.4 தானே, 12-இல் எப்படி என்று குழம்ப வேண்டாம், அது மோட்டாருக்கான உள்வழி. மைனஸ் கிரவுண்டுக்கு. வயர் நுனியை முறுக்கி, ஒரு செம்பு இழைகூடப் பக்கத்துத் துளையைத் தொடாமல் திருகுங்கள். 1000 மைக்ரோஃபாரட் கண்டன்சரை இந்த இரண்டு முனைக்கும் நடுவே வையுங்கள். உடம்பில் பட்டை போட்ட பக்கம் மைனஸ். மாற்றி வைத்தால் வெடிக்கும்.

5 வோல்ட் பக்கத்தில் ஒரு சின்ன ஜம்பர் மூடி இருக்கும், அதை எடுக்காதீர்கள். டிரைவரின் சிப்புக்குத் தேவையான 5 வோல்ட்டை அதுதான் போர்டிலிருந்தே கொடுக்கிறது. வேகத்துக்கான முனைகளான ஈஎன்ஏ, ஈஎன்பி மேல் இருக்கும் மூடிகளும் இப்போதைக்கு இருக்கட்டும்.

இடது மோட்டாரை அவுட் 1, அவுட் 2-இல் திருகுங்கள். ஐஎன் என்று எழுதியவை சுற்றும் திசையைச் சொல்லும் முனைகள். ஐஎன்1-லிருந்து ஒரு ஜம்பர் வயர் 5 வோல்ட் திருகுக்கு, ஐஎன்2-லிருந்து இன்னொன்று கிரவுண்டுக்கு. சுவிட்சைப் போட்டால் மோட்டார் சுற்றும். அணைத்துவிட்டு இரண்டு வயரையும் இடம் மாற்றிப் போட்டால் எதிர்ப்பக்கம் சுற்றும். வலது மோட்டாரையும் அவுட் 3, 4-இல் மாட்டி, ஐஎன்3, 4 வைத்து இதேபோல் பாருங்கள். இங்கே ஓடினால் பேட்டரி, சுவிட்ச், டிரைவர், மோட்டார் நான்கும் தேறிவிட்டன. இனிமேல் ஓடாவிட்டால் இவற்றைத் திரும்பத் தோண்ட வேண்டாம்.

6. ஆர்டுயினோவைச் சேர்த்தல்

போர்டைத் தனியாகக் கணினியில் சொருகி, ஆர்டுயினோவுக்குப் புரோகிராம் எழுதி ஏற்றும் ஐடிஇ மென்பொருளில் உதாரணமாக வரும் பிளிங்க் புரோகிராமை ஏற்றுங்கள். போர்டில் உள்ள சின்ன விளக்கு மினுக்கினால் போர்டும் வயரும் சரி. போர்டைச் சொருகியும் கணினி அதைக் கண்டுகொள்ளவே இல்லை என்றால் இரண்டு காரணம்தான் பெரும்பாலும். விலை குறைந்த போர்டுகளில் சிஹெச்340 என்ற சிப் இருக்கும், அதன் டிரைவர் மென்பொருளை நிறுவ வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் யுஎஸ்பி வயர் சார்ஜுக்கு மட்டுமான வயர்.

பிறகு பேட்டரியை அணைத்துவிட்டு இணைப்புகளைக் கொடுங்கள். ஈஎன்ஏ, ஈஎன்பி மூடிகளை இப்போது கழற்றி, ஈஎன்ஏவை ஆர்டுயினோவின் 5-ஆம் பின்னுக்கும் (எண் போட்ட துளை) ஈஎன்பியை 6-ஆம் பின்னுக்கும் கொண்டுபோங்கள். இந்த வகைப் பின்களில்தான் வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடியும். போர்டில் எண்ணுக்குப் பக்கத்தில் நெளிகோடு போட்டிருப்பது அதற்கான அடையாளம். ஐஎன்1, 2 முறையே 7, 8-க்கு. ஐஎன்3, 4 முறையே 9, 10-க்கு.

ஆர்டுயினோவுக்குக் கரண்ட், சுவிட்சுக்குப் பிறகு வரும் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து நேராக, வெளிக் கரண்டை வாங்கும் விஐஎன் பின்னுக்கு. டிரைவரின் 5 வோல்ட் முனையிலிருந்து ஆர்டுயினோவின் 5 வோல்ட்டுக்குக் கொடுக்கச் சொல்லும் படங்கள் நிறைய உண்டு. ஓடும், ஆனால் யுஎஸ்பி வயரும் சொருகியிருந்தால் இரண்டு 5 வோல்ட்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். விஐஎன்னில் அந்தத் தொல்லை இல்லை.

கடைசியாக ஆர்டுயினோவின் கிரவுண்டிலிருந்து டிரைவரின் கிரவுண்டுக்கு ஒரு வயர். ஏழு பேரில் மூன்று பேர் மறந்தது இதைத்தான். பின்னில் 5 வோல்ட் என்று போர்டு சொன்னாலும், எதிலிருந்து 5 என்று டிரைவருக்குத் தெரிய வேண்டுமே. கிரவுண்ட் பொதுவாக இல்லாவிட்டால் மோட்டார் ஓடாமல் நிற்கும், அல்லது கையைக் கொண்டுபோனாலே துடிக்கும்.

7. புரோகிராமை யுஎஸ்பி வழியாகச் சோதித்தல்

புரோகிராமில் ஐந்து சிறு ஃபங்ஷன்கள் (பெயர் வைத்த கட்டளைத் தொகுப்புகள்) எழுதுங்கள்: முன்னே, பின்னே, இடது, வலது, நில். ஒவ்வொன்றும் நான்கு ஐஎன் பின்களை ஏற்றி இறக்கும், இரண்டு ஈஎன் பின்னுக்கும் வேக எண் கொடுக்கும். வேகம் 0-லிருந்து 255 வரை. முதலில் 180 வையுங்கள். 100-க்குக் கீழே போனால் பல மோட்டார்கள் சுற்றாமல் முனகும்.

பிறகு சீரியல் வழியாக, அதாவது கணினியிலிருந்து யுஎஸ்பி வயரில் ஒவ்வொன்றாக வரும் எழுத்தைப் படித்து, எஃப் வந்தால் முன்னே, பி வந்தால் பின்னே, எல், ஆர் வந்தால் திரும்பு, எஸ் வந்தால் நில் என்று பிரியுங்கள். போனில் கிடைக்கும் ரோபோ கார் செயலிகள் பலவும் இந்த ஆங்கிலப் பெரிய எழுத்துகளையே அனுப்பும். அதனால் அதையே பின்பற்றுவது லாபம். சின்ன எழுத்தில் எழுதிவிட்டு ஒரு மணி நேரம் வயரைக் குடைந்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன்.

சக்கரம் தரையில் படாமல் போர்டையும் மோட்டாரையும் ஒரு பிளாஸ்டிக் டப்பா மேல் வைத்து, ஐடிஇயில் உள்ள சீரியல் மானிட்டர் ஜன்னலில் எஃப் தட்டிப் பாருங்கள். டப்பா பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். ஒருவன் எவர்சில்வர் டிபன் மூடி மேல் போர்டை வைத்துவிட்டான். போர்டின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த பின் எல்லாம் மூடியில் பட்டு, பொசுங்கல் வாசனை வந்த பிறகுதான் எல்லாரும் திரும்பிப் பார்த்தோம்.

இரண்டு மோட்டாரையும் எதிரெதிராகத்தான் பொருத்துகிறோம். ஆகவே எஃப் கொடுத்தால் ஒரு சக்கரம் முன்னேயும் மற்றது பின்னேயும் சுற்றுவது சகஜம். புரோகிராமைத் தொடாதீர்கள். தப்பாகச் சுற்றும் மோட்டாரின் இரண்டு வயரையும் டிரைவர் திருகில் மாற்றிப் போடுங்கள். புரோகிராமில் திருத்த ஆரம்பித்தால் முன்னே என்பது ஒரு பக்கத்துக்கு ஒன்றும் இன்னொரு பக்கத்துக்கு வேறொன்றுமாகி, திரும்பும் ஃபங்ஷனில் தலை சுற்றும்.

8. புளூடூத்

இவ்வளவு தூரம் வந்த பிறகு புளூடூத் வெறும் வயரில்லாத யுஎஸ்பிதான். ஹெச்சி-05-இன் விசிசி (பிளஸ் முனை) ஆர்டுயினோவின் 5 வோல்ட்டுக்கு, கிரவுண்ட் கிரவுண்டுக்கு. அதன் டிஎக்ஸ் (தகவல் அனுப்பும் முனை) 2-ஆம் பின்னுக்கு. அதன் ஆர்எக்ஸ் (தகவல் வாங்கும் முனை) மட்டும் 3.3 வோல்ட்டுக்குப் பழகியது, ஆர்டுயினோவின் 5 வோல்ட்டை நேராகக் கொடுப்பது நல்லதில்லை. 3-ஆம் பின்னிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக ஆர்எக்ஸுக்கு, ஆர்எக்ஸிலிருந்து 2 கிலோ ஓம் வழியாகக் கிரவுண்டுக்கு. இரண்டும் பங்கிட்டு 3.3 வோல்ட் ஆக்கிவிடும்.

பல படங்களில் 0, 1 பின்களில் மாட்டச் சொல்வார்கள். அவை யுஎஸ்பி பயன்படுத்தும் பின்கள். அங்கே புளூடூத் இருந்தால் புரோகிராம் ஏறாமல் பிழை காட்டும், ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்ட வேண்டும். 2, 3-இல் மாட்டி, சாஃப்ட்வேர் சீரியல் என்ற லைப்ரரியை (முன்பே எழுதிவைத்த புரோகிராம் தொகுப்பு) 9600 வேகத்தில் பயன்படுத்துங்கள். வரும் எழுத்தை அப்படியே சீரியல் மானிட்டரிலும் அச்சிடச் சொன்னால், போன் என்ன அனுப்புகிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

போனின் புளூடூத் அமைப்பில் ஹெச்சி-05-ஐத் தேடி, 1234 அல்லது 0000 கொடுத்து ஜோடி சேருங்கள். மாட்யூலின் விளக்கு அப்போதும் படபடவென்று மினுக்கிக்கொண்டேதான் இருக்கும். ஜோடி சேர்ந்தும் கனெக்ட் ஆகவில்லையே என்று இங்கே பலர் தடுமாறுவார்கள். கனெக்ட் கொடுக்க வேண்டியது செயலிக்குள். கொடுத்ததும் விளக்கு நிதானமாகி, இரண்டு வினாடிக்கு ஒருமுறை இரட்டையாக மினுக்கும். புது ஆண்ட்ராய்டு போன்களில் அருகில் உள்ள சாதனங்களுக்கான அனுமதியைச் செயலிக்குக் கொடுக்காவிட்டால் பட்டியலில் எதுவுமே வராது.

ஏழு வண்டியும் ஒரே பெயரில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒருவன் எஃப் அழுத்த, இன்னொருவன் மடியில் இருந்த வண்டி ஓடியது. ஒரு நேரத்தில் ஒரு வண்டியை மட்டும் ஆன் செய்து ஜோடி சேர்த்து, போனில் அதற்குத் தனிப் பெயர் வைத்துவிடுங்கள்.

இன்னொன்று: அரை வினாடிக்கு எந்த எழுத்தும் வராவிட்டால் நில் என்று புரோகிராமில் சேருங்கள். புளூடூத் எட்டுவது பத்து மீட்டர் சுமாருக்கு. அதைத் தாண்டினால் வண்டி கடைசியாகக் கேட்ட கட்டளையையே பிடித்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடும். ஆனால் உங்கள் செயலி, பட்டனை அழுத்திப் பிடிக்கும்வரை எழுத்தைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறதா என்று மானிட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒருமுறை மட்டும் அனுப்பும் செயலி என்றால் வண்டி அரை வினாடியிலேயே நின்றுவிடும்.

9. இப்போதுதான் அடித்தட்டு

மேசையில் எல்லாம் ஓடிய பிறகு தட்டில் ஏற்றுங்கள். பேட்டரியைப் பின் சக்கரங்களுக்கு மேலே, கொஞ்சம் முன்தள்ளி வையுங்கள். எடை காஸ்டர் மேல் விழுந்தால் பின் சக்கரம் வழுக்கும். அச்சுக்குப் பின்னால் விழுந்தால் கிளம்பும்போது வண்டி முன்னங்காலைத் தூக்கும். ஆர்டுயினோவின் யுஎஸ்பி வாய் வெளியே பார்க்கட்டும், இல்லாவிட்டால் புரோகிராம் மாற்ற வண்டியையே பிரிக்க வேண்டிவரும். சுவிட்ச் கைக்குச் சட்டென்று எட்ட வேண்டும்.

தொங்கும் ஜம்பர் வயர்களை டேப் போட்டு ஒதுக்குங்கள். ஓடும்போது ஒரு வயர் சக்கரத்தில் சுற்றினால், பிடுங்கிக்கொண்டு வருவது அது ஒன்று மட்டும் இல்லை.

10. தரையில் ஓட்டுதல்

முதல் ஓட்டம் டைல்ஸ் அல்லது மொசைக் தரையில். மொட்டை மாடித் தட்டோட்டில் காஸ்டர் இடுக்கில் மாட்டும். வாசலிலும் வேண்டாம். கோலப்பொடி காஸ்டர் குண்டுக்குள் புகுந்து நறநறக்கும்.

நேராக விட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். எந்த இரண்டு பிஓ மோட்டாரும் ஒரே வேகத்தில் ஓடாது. இடப்பக்கம் இழுத்தால் வலது மோட்டார்தான் வேகம். அதன் எண்ணை 180-லிருந்து ஐந்து ஐந்தாகக் குறைத்து, ஐந்தாறு தரைக்கல் தூரம் நேராகப் போகும்வரை பாருங்கள்.

கிளம்பும்போது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றால் புளூடூத் விளக்கைப் பாருங்கள். அது மறுபடி படபடப்புக்குப் போயிருந்தால் கரண்ட் ஒரு கணம் சரிந்திருக்கிறது. சார்ஜ், சுவிட்சின் ஈயப்பற்று, திருகுகள் என்ற வரிசையில் பாருங்கள். இரட்டை மினுக்கல் மாறாமல் இருந்தும் வண்டி நின்றால் கோளாறு பெரும்பாலும் புரோகிராமிலோ செயலியிலோதான். முன்னே போய்க்கொண்டிருக்கும் வண்டியைச் சட்டென்று பின்னே திருப்பும்போதும் இந்தச் சரிவு வரும். நடுவில் ஒரு நில், 100 மில்லி வினாடி கொடுத்தால் அடங்கும்.

11. ஓட்டி முடித்த பிறகு

செல் ஒன்று 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுப்போகலாம். வண்டி சோம்பலாக ஊர ஆரம்பித்ததுமே நிறுத்தி மீட்டர் வைத்துப் பாருங்கள். சுவிட்சை அணைத்தாலும் போதாது, செல்களை ஹோல்டரிலிருந்து எடுத்து, ஒன்றோடொன்று உரசாமல் பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். லித்தியம் செல்லுக்கான சார்ஜரில் மட்டுமே சார்ஜ். இரவில் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. நம் ஊர் சித்திரை வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டரின் டிக்கிக்குள் செல்லை வைத்துவிட்டுப் போகாதீர்கள். பள்ளிக்கு வண்டியைக் காட்ட எடுத்துப் போகிற பிள்ளையின் பையில் சாவி, சில்லறைக் காசோடு சேர்த்தும் போடாதீர்கள்.